எட்டு எழுத்து அண்ணன்

கேண்டீனில் வாங்கிய தே ஓ, பால் விடாத தேநீர், பிளாஸ்டிக் பையில் என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. சூடான பையின் கனத்தில் நூல் விரலை அறுத்தது. ஆனாலும் நான் நகரவில்லை. நோட்டிஸ் போர்டில் கணினிப் பிரிவு ஒட்டியிருந்த அரைப் பக்கத் தாளை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வரும் திங்கட்கிழமை முதல் புதிய மின்னஞ்சல் முறை. எட்டு எழுத்துக் கட்டுப்பாடு இனி கிடையாது. ஊழியர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்திலும் அவர் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி முழுமையாகத் தெரியும்.

என்னோடு திட்டமிடல் பிரிவில் வேலை செய்த லீலாவதி பக்கத்தில் வந்து நின்று படித்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்பாடா! இனிமே எவனும் என்னை லீலாவட்னு கூப்பிட மாட்டான்லா. உனக்கும் நல்லதுதானே புவனா?"

நல்லது என்று தலையாட்டினேன். அன்று புதன்கிழமை. என்னிடம் நான்கே நாட்கள் இருந்தன.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பினாங்கு பாயான் லெப்பாஸ் கம்பெனி பேருந்தைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "அந்தக் காலத்தில் நீங்கள் எதற்குத்தான் பயப்படாமல் இருந்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் பேருந்துக்குப் பயந்தேன், சூப்பர்வைசருக்குப் பயந்தேன், ஃபெர்ரி தாமதமாகுமோ என்று தினமும் பயந்தேன். ஆனால் சொந்தப் பெயருக்குப் பயந்தது அந்த ஒரு வாரம்தான்.

டபிள்யூவும் வியும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கம்பெனிக் கணினியில் யார் பெயரும் எட்டு எழுத்தைத் தாண்டாது. ஒன்பதாவது எழுத்து வந்தால் வெட்டிவிடும்.

என் பெயர் புவனேஸ்வரி. ஆங்கிலத்தில் எழுதி எட்டாவது எழுத்தில் வெட்டிப் பாருங்கள். 'புவனேஸ்வ்' என்று அந்தரத்தில் நிற்கும். அதன் பின்னால் 'ரி' வந்தால் பெண், 'ரன்' வந்தால் ஆண். எனக்கு இரண்டுமே இல்லை. அப்பாவின் பெயருக்கு முன்னால் வருகிற, மகள் என்று காட்டிக்கொடுக்கிற அந்த 'ஏ பி'க்கும் இடமில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நாட்டில் உள்ள மற்ற புவனேஸ்வரிகளுக்கெல்லாம் முதலில் வி வரும், பிறகு டபிள்யூ வரும். என் பிறப்புப் பத்திரத்தில் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. கணினியில் நான் puwanesv. பள்ளியில் ஒவ்வொரு ஆசிரியரும் அதைத் தப்பென்று திருத்துவார். தேர்வு நேரத்தில் அலுவலகம் திரும்பவும் பழையபடி மாற்றும்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ் கிளார்க்கு தூங்கிக்கிட்டே எழுதிட்டான்" என்பார் அப்பா. பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் அவர். ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது. யார் எழுதினாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். முகம் தெரியாத அந்தக் கிளார்க்கை நான் முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. தீவுக்கு எதிர்க்கரையில், பாகான் டாலாமில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தேன். அங்கே நான் வெறும் பாப்பா. முப்பது வயதிலும் பாப்பா.

பசியாறியாச்சா?

வேலை முடிந்து கம்பெனி பேருந்து வரும்வரை அரை மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில்தான் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன். மின்னஞ்சல் குழு. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். அப்போது மொத்தமே முப்பது பேருக்குள்தான். கனடா, நோர்வே, சிங்கப்பூர், சென்னை, கொழும்பு என்று எங்கெங்கோ கணினிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்த தமிழர்கள்.

தமிழ் எழுத்து கணினியில் சரியாக வராது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதுவோம். அதற்கு எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. சின்ன எல் போட்டால் 'ல'. பெரிய எல் போட்டால் 'ள'. அதேபோல் சின்ன என் 'ந', 'ன'. பெரிய என் 'ண'. புதிதாக வருபவர் முதல் வாரம் தடுமாறுவார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் சாப்பிட்டதை எழுதும்போது பெரிய எழுத்தை மறந்துவிட்டார். பல்லிவாசலில் சோறு போடுகிறார்களா என்று ஒரு மாதம் அவரைக் கலாய்த்தார்கள்.

என் பங்குக்கு நான் கொண்டுபோனது ஒரே ஒரு சொல். கடிதத்தை "பசியாறியாச்சா?" என்று தொடங்குவேன். இங்கே நாம் காலையில் யாரைப் பார்த்தாலும் கேட்பதுதான். சென்னைக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் அது புதுசு. ஒரு மாதத்தில் எல்லோரும் அப்படியே தொடங்கினார்கள். ஒஸ்லோவில் பனிக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவர் என்னிடம் பசியாறியாச்சா என்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்கள்தான் என்னை அண்ணனாக்கினார்கள். டொரொண்டோவில் இருந்த சிவஞானம் என்பவர், "புவன் அண்ணை சொல்வது சரி" என்று எழுதினார். மறுநாள் மற்றவர்களும் "புவன் அண்ணே" என்றார்கள். உடனே திருத்தியிருக்கவேண்டும். விரல் விசைப்பலகைக்குப் போனது, திரும்பி வந்துவிட்டது. ஏனென்றால் நான் சொன்னது சரி என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த இடத்தை விட எனக்கு மனம் வரவில்லை. பொய் சொன்னேனா? சொல்லவில்லை. உண்மையைச் சொல்லாமல் இருந்தேன், அதுவும் இரண்டு வருடம்.

கூட்டம் வந்தது

அப்புறம் ஒரு தமிழ் நாளிதழ் ஞாயிறு மலரில் எங்கள் குழுவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியது. முகவரியையும் போட்டுவிட்டது. பினாங்கு ரோட்டில் கம்ப்யூட்டர் வைத்த கடை ஒன்று திறந்தது. கோப்பியும் கிடைக்கும், இண்டர்நெட்டும் கிடைக்கும். சிம்பாங் அம்பாட் மாதிரிச் சின்ன ஊரில்கூட ஒரு கடை வந்துவிட்டதாகச் சொன்னார்கள். முப்பது பேர் முந்நூறு ஆனார்கள். பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

வந்தவர்களுக்கு எங்கள் சட்டம் எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தை ஏழு பேருக்கு அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும் என்று ஒருவர் அனுப்புவார். அவருக்குப் பயந்து ஏழு பேர் அதையே அனுப்புவார்கள். நிலம் விற்பனை, ஜோதிடம், நடிகை படம், அதைத் திட்டி நாற்பது கடிதம். "பசியாறியாச்சா" என்றால் "நீ யாருடா என் சாப்பாட்டைக் கேட்க?" என்று ஒருவன் எகிறினான். சிவஞானம் மூன்று வாரம் எழுதவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும்விட என்னை ஆட்டிவைத்தது மூன்று எழுத்து. ஏ எஸ் எல். வயசு என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர்? புதிதாக வந்தவர்கள் யாரைக் கண்டாலும் முதலில் இதைத்தான் கேட்டார்கள். பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்டதே இல்லை. எழுத்தைப் படித்தோம், பதில் எழுதினோம், அவ்வளவுதான்.

ஒரு நாள் புதிய ஆள் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: "இந்தப் புவன் ஆம்பளையா பொம்பளையா? பேரு பாதியில நிக்குதே."

பழையவர்கள் கொதித்துவிட்டார்கள். புவன் அண்ணனை இப்படிக் கேட்பது மரியாதையா என்று சண்டை போட்டார்கள். எனக்காக நடந்த சண்டையை நான் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இன்று உங்கள் கையில் இருக்கும் போனில் எத்தனை குழு என்று உங்களுக்கே தெரியாது. காலை வணக்கப் பூ அனுப்பும் மாமா ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் அன்றே பார்த்துவிட்டேன் என்று நான் பீற்றிக்கொள்வதுண்டு. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். நான் அப்படிச் சபித்த கூட்டத்தோடுதான் கப்பல்காரனும் வந்தார்.

ணாண் எண்ண செய்வது

'கப்பல்காரன்' என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் வந்தது. முழுக்க முழுக்கப் பெரிய எழுத்து. கணினியில் அப்படி எழுதினால் கத்துவதாக அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் சட்டப்படி படித்தால் இன்னும் மோசம். "நான் என்ன செய்வது" என்று எழுதியிருந்தார். நாங்கள் படித்தது, "ணாண் எண்ண செய்வது".

குழு விழுந்து விழுந்து சிரித்தது. பாவமாக இருந்தது. தனியாக அவருக்கு எழுதினேன். எந்த எழுத்தைப் பெரிதாகப் போடவேண்டும், எதைச் சிறிதாகப் போடவேண்டும் என்று விளக்கி, "தம்பி, கவலைப்படாதீர்கள், பழகிவிடும்" என்று முடித்தேன். அண்ணனாக இருந்து பழகிவிட்டதால் தம்பி என்று தானாக வந்தது.

மறுநாள் தனிக்கடிதத்தில் பதில் வந்தது.

"புவன் அண்ணே, நன்றி. உங்களிடம் ஒன்று கேட்கலாமா? என் மகளுக்கு ஜோகூரில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக எப்படி அனுப்புவது? இங்கேயே ஃபேக்டரியில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மூன்று நாளாகச் சோறு தொடவில்லை, ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுத் தின்கிறாள். வீட்டில் என் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் பிள்ளைக்குத் தூபம் போடுகிறாள்."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பாகான் டாலாமில் எங்கள் வீட்டுச் சமையலறையில், ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தது மாலினி. தூபம் போட்ட தங்கச்சி நான். பீச் ஸ்த்ரீட் கப்பல் ஏஜென்சியில் கணக்கராக இருந்த என் சொந்த அண்ணன்தான் இந்தக் கப்பல்காரன். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். வீட்டிலும் அவர் பேச்சு பெரிய எழுத்துதான்.

என்னைக் கண்டுபிடித்திருப்பாரா? இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். முகவரியின் வாலில் இருப்பது கம்பெனியின் அமெரிக்கப் பெயர். நான் எந்தக் கம்பெனி என்று அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, "பாயான் லெப்பாஸ் ஃபேக்டரி" என்றுதான் சொல்வார். புவன் என்று ஊரில் எத்தனை பேர்! தங்கையின் அடையாள அட்டையை எந்த அண்ணன் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான்?

தம்பிக்கு எழுதியது

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். எனக்குப் பத்தொன்பது வயதில் கோலாலம்பூரில் படிக்க இடம் வந்தது. அப்பா அந்த வருடம்தான் இறந்திருந்தார். அண்ணன் கடிதத்தைப் படித்தார், மடித்தார், அலமாரியில் வைத்தார். "வேணாம் பாப்பா" என்றார். இரண்டே சொல். நான் ஏன் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அண்ணனை ஏன் என்று கேட்டதில்லை. இரண்டு மாதம் கழித்துத் தொழிற்சாலைக்குப் போனேன்.

அதே அலமாரியில் இப்போது மாலினியின் கடிதம் இருந்தது. சம்மதப் படிவத்தில் அவள் அப்பா கையெழுத்துப் போட்டு, நான் சொன்ன அந்தத் திங்கட்கிழமை தபாலில் சேர்த்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

பாப்பா சொன்னால் எடுபடாது. புவன் அண்ணன் சொன்னால்? எழுதினேன். "தம்பி, விடுதியில் பெண்களுக்குத் தனிக் கட்டடம் உண்டு. ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வருவதைவிட அது பாதுகாப்பு." பதில் வந்தது. கேள்வி கேட்டார், நான் சொன்னேன். பஸ் எத்தனை மணி நேரம், சாப்பாடு எப்படி, நம் பிள்ளைகள் வேறு யாராவது இருக்கிறார்களா? வாழ்நாளில் அண்ணனும் நானும் அவ்வளவு பேசியதில்லை.

மாலையில் ஒரே ஃபெர்ரியில் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் கீழே மோட்டார் சைக்கிளோடு, நான் மேலே. சாப்பாட்டு மேசையில், "சம்பல்ல உப்பு கம்மி" என்பார். அத்தோடு சரி.

நோட்டிஸ் ஒட்டிய அந்தப் புதன்கிழமைக்கு முதல் நாள் ஒரு கடிதம் வந்திருந்தது. அதற்குள் அவருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பழகியிருந்தது. கடைசி வரியில் எழுதியிருந்தார்: "அண்ணே, நான் ஒரு தடவை தங்கச்சி விஷயத்தில் தப்புப் பண்ணிவிட்டேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை."

அன்று மாலை மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சோறு போட்டேன். அகப்பை தட்டில் இடித்தது.

"என்னா பாப்பா, உடம்பு முடியலையா?"

"ஒண்ணும் இல்லண்ணே."

திங்கள் வருமுன்

இப்போது புரிந்திருக்கும், நோட்டிஸ் போர்டு முன்னால் நான் ஏன் அப்படி நின்றேன் என்று. திங்கட்கிழமை நான் எழுதும் கடிதத்தில் முழுப் பெயர் வரும். 'ஏ பி' வரும், அப்பா பெயர் வரும். அண்ணன் பார்ப்பார். தங்கச்சி தன்னைத் தம்பி என்று கூப்பிட்டு ஏமாற்றினாள் என்று தெரிந்த நிமிடம் அந்தப் படிவம் கிழிந்துவிடும். என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை. மாலினிக்கு என் கதைதான் நடக்கும். பதினோரு வருடம் கழித்து அவளும் ஏதோ ஒரு நோட்டிஸ் போர்டு முன்னால் நிற்பாள்.

எழுதாமல் இருந்துவிடலாமே என்றும் யோசித்தேன். பதில் வராவிட்டால் அண்ணன் கையெழுத்துப் போடமாட்டார். ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் நகர்ந்துகொண்டிருந்தார்.

வியாழக்கிழமை கணினிப் பிரிவு லிம்மிடம் போனேன். என் பெயரை மட்டும் பழையபடி விடமுடியுமா என்று கேட்டேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் பொறுமையாகச் சொன்னார். அடையாள அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான், பெரிய மேனேஜருக்கும் அதுதான். "நல்ல நீளமான பெயர், எதற்கு வெட்டவேண்டும்?" என்று வேறு கேட்டார். வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை மாலை, பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. இயந்திரம் காட்டிக்கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னும் மூன்று நாள் காத்திருக்க எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். நான்கு தடவை எழுதி நான்கு தடவை அழித்தேன். கடைசியில் போனது இவ்வளவுதான்:

"தம்பி என்று இத்தனை நாள் எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நான் அண்ணன் இல்லை. அவளை அனுப்புங்கள். பாப்பா."

அன்று ஃபெர்ரியில் அண்ணனின் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. அடுத்த ஃபெர்ரியிலும் வரவில்லை என்று வீட்டு வாசலில் நின்று கணக்குப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஜாலான் பசார் கடையில் வாங்கிய அப்பம் ஒரு பொட்டலம். என்னைப் பார்க்கவில்லை. குளிக்கப் போனார்.

சனிக்கிழமை முழுக்க ஒரு பேச்சும் இல்லை. கோபம் என்றால் கத்துவார், எங்களுக்குத் தெரியும். கத்தாத அண்ணனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாலினி அறைக்குள் வந்து, "அத்தே, அப்பா ஏன் அலமாரிய ரெண்டு தடவ தொறந்து மூடுனாரு?" என்று கேட்டாள். தெரியாது போ என்று விரட்டிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

இரண்டாவது பெயர்

ஞாயிறு காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் பின்வாசலுக்கு வந்தார். படிவத்தை என்னிடம் நீட்டினார். என் கை ஈரமாக இருந்ததால் அவரே பிடித்துக்கொண்டார்.

"ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு பாரு."

தகப்பன் கையெழுத்து இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய இன்னொருவர் பெயர் என்று ஒரு கட்டம். அதில் அழகாக, ஒவ்வோர் எழுத்தாக என் பெயரை எழுதியிருந்தார். முதலில் டபிள்யூ. பிறகு வி.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "அந்தக் கிளார்க்கு மாதிரியே எழுதியிருக்கீங்கண்ணே."

"எந்தக் கிளார்க்கு?" என்றார். கொடியில் தொங்கிய துணியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்பாவுக்கு எழுத வராது. ஃபாரம் எழுத என்னையத்தான் கூட்டிட்டுப் போனாரு. எனக்குப் பதிமூணு வயசு. ரெண்டு எழுத்த மாத்திப் போட்டுட்டேன். அப்பா பழிய கிளார்க்கு மேல போட்டுட்டாரு, நானும் வாயத் தொறக்கல."

கையில் பிழிந்த சட்டையோடு நின்றேன். "அப்போ... குழுவுல?"

"நாட்டுல அப்படி எழுதுற பேரு ஒண்ணுதான்லா பாப்பா. மொத நாளே தெரியும்."

போய்விட்டார். முன்வாசலில் மோட்டார் சைக்கிள் கழுவும் சத்தம் கேட்டது.

முதல் நாளே தெரியும் என்றால், தூபம் போடுகிறாள் என்று என்னிடமேதான் சொல்லியிருக்கிறார். தப்புப் பண்ணிவிட்டேன் என்று எழுதியதும் எனக்கென்றுதான். அவ்வளவு நாளும் பயந்து செத்தவள் நான் ஒருத்திதான். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அந்தச் சட்டையை மறுபடி பிழிந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

திங்கட்கிழமை

மாலினி காலையிலேயே தபால் நிலையத்துக்குப் போய்விட்டாள். நான் கணினியைத் திறந்தேன். சொன்னபடியே முழுப் பெயர் நின்றது, அப்பா பெயரோடு. குழுவுக்கு ஒரு வரி வணக்கம் எழுதினேன். மத்தியானத்துக்குள் பதில்கள் குவிந்துவிட்டன. ஒருவர் ஏமாற்றுக்காரி என்றார். மூன்று பேர் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். சிவஞானம் மட்டும், "தங்கச்சி, பசியாறியாச்சா?" என்று எழுதியிருந்தார். அதை இரண்டு தடவை படித்தேன். பழைய குழு இனி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் ஒரு தனிக்கடிதம். கப்பல்காரன்.

"புவன் அண்ணே, பசியாறியாச்சா? மகளுக்கு என்ன பெட்டி வாங்குவது? சக்கரம் வைத்ததா, சாதாவா?"

'அண்ணே'யில் இரண்டு 'ண'வும் சட்டப்படி பெரிய எழுத்தில் இருந்தன. அப்பா பெயர் வரைக்கும் போட்டுவந்த என் முகவரிக்கு எழுதும்போதும் இந்த மனிதருக்கு ஓர் அண்ணன்தான் தேவைப்பட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் போட்டேன்:

"தம்பி, தங்கச்சியிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரியும்."

அனுப்பிய பிறகு வழக்கம்போலப் பயந்தேன். ஃபெர்ரியில் பயந்தேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்கும்போதும் பயந்தேன்.

அன்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"மாலினிக்கு என்னா பெட்டி வாங்கலாம்?"

யாரைக் கேட்கிறார் என்று அண்ணி நிமிர்ந்து பார்த்தார். மாலினியும் பார்த்தாள்.

"சொல்லு பாப்பா," என்றார் அண்ணன். "உனக்குத் தெரியும்னு அண்ணன் சொன்னாரு."